கடலிலிருந்து தூரம்

டிவியில் வட்டம் போட்டுக் காட்டியபோது
எங்கள் ஊர் அந்த வட்டத்துக்குள் இல்லை.
மரக்காணம், புதுச்சேரி, கடலூர் என்று
அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.
ஒரு டிஸ்ப்ளேக்குப் பசை தடவிக்கொண்டே சொன்னேன்:
பாவம், கடலோரத்து ஜனம்.

கரையைக் கடந்துவிட்டது என்றார்கள்.
கடந்தால் முடிந்தது என்றுதான்
கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.
ஊத்தங்கரையும் ஒரு கரை என்பது
அதற்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் மழை எனக்குத் தெரியும்.
கரண்ட்டைப் பிடுங்கும், மாம்பூவை உதிர்க்கும்,
ஒரு டீ ஆறும் நேரம் ஆடிவிட்டு
ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடும்.
இது போகவில்லை.
ஒரே குரலில், மூச்சு வாங்காமல்,
தகரத்தின்மேல் தகரம் கொட்டுவதுபோல்.

கருக்கலில் மேல் ஏரி உடைந்தது.
ரோட்டோரம் வரிசையாக நின்ற வேன்கள்
ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பின.
டிரைவர் இல்லை, சாவி இல்லை.
திம்மராயனின் வேன்
சபரிமலை சவாரிக்குக் கட்டிய மாலையோடு போனது.
பின்கண்ணாடியில் 'முனியப்பன் துணை'
கடைசியாக முங்கியது.
அவர் தண்ணீரைத் திட்டவில்லை, சாமியையும் திட்டவில்லை.
"ஹேண்ட் பிரேக் போட்டேன்ல? நீ பாத்தியே?" என்று
என்னிடம் சாட்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.
நான் பார்க்கவில்லை.
பார்த்தேன் என்றேன்.

மூன்றாம் நாள்
ஊரே போனைத் தூக்கிக்கொண்டு வந்தது.
நனைந்த போனை அரிசியில் புதைக்க வேண்டுமாம்,
யாரோ யூடியூபில் சொன்னது.
அரிசி கீழே இருந்தது, போயிற்று.
பரண்மேல் தப்பியது ராகி.
ஆகவே ராகி.
சார்ஜர் துளையில், ஸ்பீக்கர் வலையில்,
சிம் தட்டில், கேமரா ஓரத்தில்
ராகி, ராகி.
ஊசிமுனையால் நோண்டி எடுத்தேன்.
பொம்மக்காவின் போனில் மட்டும் பதினேழு;
அதில் ஒன்று முளைவிட்டிருந்தது.
"வேற எதுவும் வேணாம் கண்ணு.
சவுதியிலிருந்து பையன் போட்ட வாய்ஸ் இருக்குதா பாரு."
இருந்தது. சேறு கலந்த குரலில் பேசியது:
அங்க புயலாமே, நமக்கென்னா,
நாமதான் மேட்டுல இருக்கறோமே.

பொம்மக்கா அதை மூன்று முறை கேட்டாள்.
காசு எவ்வளவு என்றாள்.
சும்மா போக்கா என்றேன்.

ஐந்தாம் நாள் கடலூரிலிருந்து
லாரியில் கம்பியோடு ஆட்கள் வந்தார்கள்.
தேவனாம்பட்டினத்து அஞ்சாப்புலி
என் கடைக்கு எதிர்க் கம்பத்தில் ஏறியதும்
முதலில் கிழக்கே பார்த்தார்.
பழக்கம்போலிருக்கிறது.
"எங்கூர்ல நின்னுகிட்டே அடிச்சிட்டுப் போயிடும்.
உங்கூர்ல சம்மணம் போட்டு
உக்காந்து சாப்பிட்டிருக்கு" என்றார்.
பிறகு கீழே குனிந்து,
சேற்றில் தவளையோடு நின்ற என்னிடம்:
"பாவம், புயலே பாக்காத ஜனம்."

டீ கொடுத்தேன். சர்க்கரை இல்லை, வெல்லம்.

அதற்குள் திம்மராயன் இன்சூரன்ஸ் தாளை நீட்டினார்.
கையெழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது.
வண்டி எண், இன்ஜின் எண், நிறம் எல்லாம் எழுதினேன்.
கடைசிக்கு முந்தின கட்டத்தில் கேட்டிருந்தது:
கடலிலிருந்து தூரம்.
நூற்று ஐம்பது கிலோமீட்டர் என்று எழுதினேன்.
எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.
மஞ்சள் கறை என் இடுப்பளவுக்கு ஓடியிருக்கிறது.
அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன்.
"ஏன் அடிச்ச? சந்தேகப்படுவானுங்க" என்றார்.

இரவு ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது.
மேசையில் சார்ஜில் கிடந்த
இருபத்து மூன்று போன்களும்
வெவ்வேறு நேரத்தில் கண்விழித்து,
டவர் கிடைத்ததும்
ஒன்றுபோல் அலறத் தொடங்கின.
வெளியே கம்பத்தில் இருந்த அஞ்சாப்புலி
என்னம்மா சத்தம் என்றார்.

ஒன்றுமில்லை அண்ணே,
அன்றைக்கு வரவேண்டிய மெசேஜ்:
மிகக் கனமழை எச்சரிக்கை.
தாழ்வான இடத்தில் இருப்பவர்கள்
பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்.

உட்கார்ந்து
ஒவ்வொன்றாக ஓகே அழுத்தினேன்.